நாற்பத்தொன்றாவது தகடு

நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் நாற்பத்தொரு மெழுகுத் தகடு வந்து சேர்ந்திருந்தது.

டாக்டர் கிருபாசங்கர் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்றேதான். அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே பாடம் எடுப்பவர் அவர். மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு முப்பரிமாணப் படம் என்றால் என்னவென்று புரியவைக்க அவராகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் எலும்பைச் சுழற்றிக் காட்டுவதெல்லாம் அந்த 1997-இல் கல்லூரிக்கு எட்டாத சங்கதி. சி.டி. ஸ்கேன் தாடையை வெங்காயம் அரிவதுபோல் வில்லை வில்லையாக அரிந்து ஃபிலிமில் காட்டும் அல்லவா, அந்த வில்லைகளில் ஆளுக்கு ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் அதை ஓ.எச்.பி.யில் வைத்துச் சுவரில் நிஜ அளவுக்குப் பெரிதாக்கி, காகிதத்தில் வரைந்து, பல்செட் செய்கிற ரோஸ் நிற மெழுகுத் தகட்டில் வெட்டிக் கொண்டுவர வேண்டும். ஸ்கேனில் ஒரு வில்லையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர். கடையில் வாங்குகிற மெழுகுத் தகட்டின் கனமும் அதுவே. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முழுத் தாடை எழுந்து நிற்கும்.

"எலும்ப மட்டும் வெட்டுனாப் போதும், சதை நமக்கு வேண்டாம்," என்று வகுப்பில் சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் வெட்டிய நாற்பதும் ஓரம் பிசிறடித்து, விரல் ரேகை பதிந்து, அங்கங்கே கத்தி வழுக்கிய கீறலோடு கிடந்தன. அந்த ஒன்று மட்டும் வழவழவென்று இருந்தது. தொட்டால் ஈரம். விரலை எடுத்தபோது அந்த ஈரம் அறுபடாமல் மெல்லிய நூலாக இழுபட்டுக்கொண்டு வந்தது. கோட்டில் துடைத்துக்கொண்டார். துடைத்த விரலைப் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம்.

அந்த நாற்றம் அவருக்குத் தெரிந்த நாற்றம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சோமனூரிலிருந்து ராசாத்தாள் என்றொரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அவளும் புருஷன் காளிச்சாமியும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். இடது கீழ்த்தாடையில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம், அது உள்பக்கமாக உடைந்து ஆறாத புண். சேலைத் தலைப்பால் வாயை மூடியபடிதான் உட்கார்ந்திருந்தாள். தலைப்பை எடுத்ததும் அறையே நாறிற்று. கிருபாசங்கர் இரண்டு முகமூடி போட்டு, நடுவே கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை வைத்துக்கொண்டு, வாய் பார்க்கிற சின்னக் கண்ணாடியால் கன்னத்தை விலக்கிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் புண்ணின் குழிக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. ஒன்றில்லை, பல. கண்ணாடியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தார். சாய்ப்ரியா என்கிற மாணவிதான் டர்பன்டைன் பஞ்சை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். பத்தொன்பது புழு. அதுவரை அந்தப் பெண் முனகக்கூட இல்லை. "உங்களுக்குத்தானுங்க சார் சங்கடம்," என்று கடைசியில் அவள்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். மறுநாள் ஆசிரியர்கள் அறையில் கிருபாசங்கர் அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார். படித்த மனிதனின் யோக்கியதை சில நேரம் அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். எங்கெங்கோ பணம் புரட்டி எடுத்து வந்தார்கள். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் அவருக்கு வாந்தியெல்லாம் மறந்துபோயிற்று. தாடை எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக அரிக்கப்பட்டிருந்தது. புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவான படம் கிடையாது. அடுத்த மாதம் ஆய்வுக்குழு வருகிறது, மெழுகு மாடல் நன்றாக அமைந்தால் புரொஃபசர் பதவி உறுதி என்று பிரின்சிபால் ஜாடையாகச் சொல்லியிருந்தார். கிருபாசங்கர் ஃபிலிமைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா, வகுப்புக்கு வசதியாக இருக்கட்டுமென்று கத்தரிக்கோலை எடுத்து நாற்பது துண்டாகவும் வெட்டிவிட்டார்.

அதன் பிறகுதான் காளிச்சாமி வந்தான்.

"ஏனுங்க சார், பெரியாஸ்பத்திரில ஆப்பரேசனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. அந்தப் படம் இருந்தாத்தான் கத்தி வைப்பாங்களாமா. குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போயிருவேனுங்க."

நாற்பது துண்டை எப்படிக் கொடுப்பது? "எங்கியோ மாறிப் போயிருச்சு, தேடறோம். அடுத்த வாரம் வா," என்றார்.

அடுத்த வாரமும் வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டார்க் ரூமில் ஃபிலிம் கழுவுகிற சுப்பண்ணன் விரட்டுகிற வரை நின்றான். "இன்னொருக்காப் படம் எடுக்க எங்களுக்குத் தெம்பு இல்லீங்க சார். அவ கஞ்சி குடிச்சு நாலு நாளாச்சுங்க," என்றான். குரல் உயரவே இல்லை. நான்கு வாரம் அப்படி வந்தான். போன வாரம் வரவில்லை. கிருபாசங்கருக்கு அப்பாடா என்றிருந்தது.

இப்போது இந்தத் தகடு.

வகுப்பில் கேட்டார். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை.

"ரோல் நம்பரே நாப்பதோட முடிஞ்சுதுங்க சார்," என்றாள் சாய்ப்ரியா. "ஃபிலிமும் நாப்பதுதானுங்களே. அண்ணத்துக்குக் கீழயே ஸ்கேன் நின்னுருச்சு."

"தெரியும்மா."

"சார், அந்தம்மாவோட படந்தானுங்க இது? திருப்பிக் குடுக்க வேண்டாமுங்களா?"

"காப்பி எடுத்துக் குடுத்தாச்சு. நீ உக்காரு," என்றார். பொய் தொண்டையில் சளிபோல் ஒட்டிக்கொண்டது.

நாற்பது தகட்டையும் சூடான கத்தியால் ஒட்டி மாடலை நிறுத்தினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த உபரித் தகட்டை அவர் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மாடலை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை பீரோவைத் திறந்தார். நாற்பத்தொன்றாவது தகடு மாடலின் மேல் ஒட்டியிருந்தது. ஒட்டிய அடையாளமே இல்லை. அதற்கும் மேலே இன்னும் நான்கு.

குனிந்து பார்த்தார். வளைவாக அண்ணம், வாயின் மேற்கூரை. அதன் அடியில், நாக்கு படுகிற இடத்தில், வரிவரியாக மேடுகள். அந்த வரிகள் எலும்பில் இருப்பதில்லை, சதையில் இருப்பவை. அவருடைய நாக்கு தன்னையறியாமல் தன் அண்ணத்தை ஒருமுறை தடவிப் பார்த்தது.

சுப்பண்ணனைக் கூப்பிட்டார். "பீரோவைத் தொறந்தியா?"

"சாவி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது." சுப்பண்ணன் மூக்கைச் சுளித்தான். "என்னுங்க சார், எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா உள்ள?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

அவன் போகவில்லை. டெவலப்பர் கறை படிந்த விரலால் கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "சோமனூர்க்காரன் ஒருத்தன் வருவான்ல சார், படம் கேட்டு. அந்தப் பொம்பள வெசாழக்கெழம செத்துப்போச்சுங்களாமா. டவுன் பஸ்ல அவங்க ஊர்க்காரரு ஒருத்தரு சொன்னாரு. ரத்தம் நிக்கவே இல்லியாமா. தாடை தன்னால ஒடஞ்சு போச்சுன்னாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க சொல்லித்தான் நானும் படம் காணோம்னேனுங்க," என்றான்.

கிருபாசங்கர் மேஜையைப் பார்த்தபடி தலையசைத்தார். அவருக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. யாருக்காவது தெரியுமா என்கிற பயம்தான் வந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இனி அந்த ஃபிலிம் துண்டு ஒன்று யார் கையிலாவது சிக்கினாலும் போதும், மூலையில் ராசாத்தாள் என்று அச்சடித்திருக்கிறது. பதவி மட்டுமா, வேலையும் போய், பெயரும் போய், போலீஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். அன்று சாயங்காலமே பிள்ளைகளிடமிருந்து நாற்பது துண்டையும் எண்ணி வாங்கிப் பழுப்புக் கவரில் போட்டு மேஜை டிராயரில் பூட்டினார்.

புதன்கிழமை மாடலில் கன்ன எலும்பு வந்திருந்தது. எத்தனை தகடு என்று எண்ண அவருக்குத் துணிவில்லை. மெழுகின் ரோஸ் நிறம் ஈறின் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. பல் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகள் குழி மட்டும்தான் வெட்டியிருந்தார்கள். இப்போது குழிகளில் பல் இருந்தது. வெற்றிலைக்காவி ஏறிய பல். இடது பக்கம் தேன்கூட்டு ஓட்டைகளிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்து, பீரோத் தட்டில் தேங்கி, ஓரத்தில் காய்ந்து ஆடை கட்டியிருந்தது. அவர் பேப்பரை வைத்துத் துடைத்தார். பேப்பர் ஊறி விரலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

பீரோவை மூடினார். டெட்டாலில் கை கழுவினார், மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார், கிராம்பு எண்ணெயை மூக்கில் தடவிக்கொண்டார். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் தயிர்ச்சோற்றில் அதே நாற்றம். சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் நெளிவதுபோல் தோன்றிற்று. அப்படியே மூடி, தெரு நாய்க்குப் போட்டார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று.

வியாழக்கிழமை மூக்கு இருந்தது. அவர் கதவைத் திறந்தபோது மூக்குத் துவாரம் இரண்டின் ஓரத்திலும் ஈரம் குமிழியிட்டு உடைந்தது. திரும்பக் குமிழியிட்டது. ஆள் தூங்கும்போது விடுகிற மூச்சு மாதிரி, ஒரே சீராக.

வெள்ளிக்கிழமை அவர் பீரோவைத் திறக்கவே இல்லை. வகுப்பை ரத்து செய்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரும்புக் கதவுக்குப் பின்னால் ஏதோ சப்புக்கொட்டியது. பல்லில்லாதவர்கள் கஞ்சி குடித்துவிட்டுச் சப்புக்கொட்டுவார்களே, அந்தச் சத்தம். மணிக்கு ஒருமுறை. பிறகு அரைமணிக்கு ஒருமுறை. அவருக்கு அழுகை வந்தது. தப்பை ஒப்புக்கொண்டு அந்த மனுஷன் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது என்பது நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணம் அடங்கிப்போயிற்று.

சனிக்கிழமை கல்லூரி அரை நாள். ஒரு மணிக்குப் பிள்ளைகள் எல்லோரும் காந்திபுரம் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். சுப்பண்ணனையும் அனுப்பிவிட்டார். பிறகு டிராயரிலிருந்த பழுப்புக் கவரைக் கோட்டுப் பையில் செருகி, பெரிய துவாலை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே பீரோவைத் திறந்து, உள்ளே இருந்ததை மூடிச் சுருட்டித் தூக்கினார். மெழுகுக்கு உரிய கனம் இல்லை அது. ஒரு தலையின் கனம்.

கீழ்த்தளத்தில் பல்செட் செய்கிற கூடம். அங்கே ஓரத்தில் எவர்சில்வர் தொட்டி ஒன்று உண்டு, கொதிநீரில் மெழுகை உருக்கி எடுப்பதற்கு. சுவிட்சைப் போட்டுத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை காத்திருந்தார். வெளியே வெயில் பளீரென்று அடித்தது. வேப்பமரத்தில் காக்கை கத்தியது. அவர் துவாலையோடு உள்ளே இறக்கினார்.

உருகிற்று. சந்தேகமில்லாமல் மெழுகுதான். ரோஸ் நிறமாகப் பரவி மேலே மிதந்தது. துவாலையைக் கரண்டியால் தூக்கிப் போட்டார். அடியில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். கரண்டியால் அடி வரை துழாவிப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டார். நான்கு நாள் சரியாகத் தூங்காத மூளை என்னென்ன காட்டுகிறது பார்.

ஃபிலிமையும் முடித்துவிடலாம். கொதிநீரில் போட்டால் படம் தாங்கியிருக்கிற ஜெலட்டின் கழன்றுவிடும், வெறும் கண்ணாடித் தாள்தான் மிஞ்சும் என்பது டார்க் ரூமில் நிற்கிற எவருக்கும் தெரியும். கவரைக் கவிழ்த்தார். நாற்பது துண்டும் விழுந்தன. ஒரு நிமிஷத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்புத் தோல் உரிந்து தண்ணீரில் மிதந்தது.

மிதந்தவை நகர்ந்தன.

கொதிப்பின் போக்கில் இல்லை. ஒன்றையொன்று தேடிக்கொண்டு. முதலாவதன் மேல் இரண்டாவது. அதன்மேல் மூன்றாவது. வரிசை தப்பவில்லை. பிள்ளைகள் எலும்பைத்தான் வெட்டினார்கள், ஃபிலிமில் எல்லாமே இருந்தது. உதடு இருந்தது. நாக்கு இருந்தது. கன்னத்துச் சதை, வீக்கம், புண், புண்ணின் குழி.

அவர் கரண்டியால் கலைத்தார். அவை கரண்டியில் ஒட்டின. காம்பில் ஏறின. வளையம் வளையமாக, வழவழவென்று. உதறினார். விடவில்லை. விரலில் ஏறிற்று முதல் வளையம். கொதிநீரிலிருந்து வந்தது சுடவில்லை. வாய்க்குள் இருக்கும் சூடுதான் அதற்கு. மணிக்கட்டு. முழங்கை. தோள்.

அம்மா என்று கத்த வாயைத் திறந்தார்.

முதல் வளையம் மோவாயில் வந்து படிந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றும் ஒட்டும்போது சப்பென்று ஒரு சத்தம். பத்து. இருபது. வாய் தானாக மூடிக்கொண்டது. முப்பது. இடது கன்னம் கனத்துத் தொங்கியது. உள்ளே நாக்கு நகர்ந்து போய்க் கடைவாயைத் தொட்டது. குழி. குழிக்குள் அசைவு. வாந்தி எழுந்து வந்து, வெளியே வர வழியில்லாமல், திரும்ப இறங்கிற்று. நாற்பது.

கை கழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி தொங்கியது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். மூக்குக்கு மேலே அவருடைய கண்கள். கீழே ராசாத்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க சார்." காளிச்சாமி துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே உள்ளே வந்தான். "ஆசுபத்திரிக்கு இனித் தேவையில்லீங்க. அவ படம்னு ஊட்டுல ஒண்ணுகூட இல்ல, அதான் கேட்டுப் பாக்கலாம்னு..."

நிமிர்ந்தான்.

என்னை மன்னித்துவிடு, எல்லாம் நான்தான் செய்தேன், இதை எடுத்துவிடு என்று கிருபாசங்கர் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை.

காளிச்சாமி பயப்படவில்லை. பக்கத்தில் வந்தான். கூடமெல்லாம் நாறியது. அவன் மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து இடது கன்னத்து வீக்கத்துக்கு அடியில் வைத்துத் தாங்கிக்கொண்டான். வலிக்காமல் தாங்கத் தெரிந்த கை அது.

"ராசாத்தா," என்றான். "பொதச்சுப்போட்டு வந்தேனே கண்ணு. இங்கியா இருந்தே?"

கிருபாசங்கரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. காளிச்சாமி அதைத் துண்டு நுனியால் ஒற்றி எடுத்தான்.

"அழுகாத. வா, ஊட்டுக்குப் போலாம்."

வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை. உதட்டோரத்தில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்து, நெளிந்து, மோவாயில் இறங்கியது.

"வாரேனுங்க," என்றது வாய்.

காளிச்சாமி அதையும் துடைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான். கால்கள் பின்னாலேயே நடந்தன.